இறந்தவரின் குரல் பேசுகிறது: பேசுவது யார்?

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம். நேரமின்மையால் மிம்பரில் விட்டுப்போன சில விஷயங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)

  



2024 ஜனவரியில் ‘லால் சலாம்’ படத்தின் பாடல் ஒன்று வெளிவந்தது. (சினிமாப் பாட்டின் ஹுக்மு பற்றி இதே மிம்பரில் பலமுறை பேசியாகிவிட்டது. இன்று அது பேச்சல்ல.) அந்தப் பாட்டில் இரண்டு பேருடைய குரல் கேட்டது. ஒருவர் பம்பா பாக்யா, 2022இல் காலமானவர். மற்றவர் ஷாகுல் ஹமீது. ‘திருடா திருடா’, ‘காதலன்’ காலத்தில் அவர் குரலைக் கேட்காத டீக்கடை தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அவர் ஒரு சாலை விபத்தில் மவ்த்தாகிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த இருவருடைய குரலையும் ஏஐ எனப்படும் செயற்கை நுண்ணறிவின் மூலம் மீண்டும் உண்டாக்கியிருந்தார்கள். இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதாகவும் உரிய தொகையை அவர்களுக்குக் கொடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அந்த அளவுக்கு அது நேர்மையான காரியம்தான்.

அதே மாதத்தில் இன்னொன்று நடந்தது. தி.மு.க. தலைவர்களில் ஒருவரான டி.ஆர்.பாலு அவர்களுடைய தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில், கலைஞர் கருணாநிதி அவர்கள் பெரிய திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். அதே கறுப்புக் கண்ணாடி, அதே கரகரத்த குரல். வாழ்த்தோடு நிற்காமல், தம் மகனுடைய தலைமையையும் அந்த உருவம் பாராட்டியது. கலைஞர் இறந்தது 2018 ஆகஸ்டில். மகன் முதல்வரானது 2021 மே மாதத்தில். அடுத்த மாதம், பிப்ரவரி 24 அன்று, அ.தி.மு.க.வும் ஜெயலலிதா அவர்களின் குரலில் ஓர் ஒலிப்பேச்சை வெளியிட்டது. அவர் இறந்தது 2016 டிசம்பரில். எந்தக் கட்சியையும் குறை சொல்ல நான் வரவில்லை. இரண்டு பக்கமும் செய்ததால் இரண்டையும் சொன்னேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பாடகி பவதாரிணியின் குரல் வந்தது, நடிகர் விஜயகாந்தின் உருவம் வந்தது. இப்போது இது பெரிய மனிதர்களின் சமாச்சாரமாக மட்டும் இல்லை. கையில் இருக்கும் போனில், வாட்ஸ்அப்பில் சேர்ந்து கிடக்கும் வாய்ஸ் மெசேஜ்களைக் கொண்டு, யார் வேண்டுமானாலும் தன் தகப்பனாரைப் பேச வைக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிகள் சில, இதற்கு ‘டிஜிட்டல் மரணமின்மை’ என்றே பெயர் வைத்து வியாபாரம் செய்கின்றன. நீங்கள் இறந்தாலும் உங்கள் பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டே இருப்பீர்கள் என்கிறார்கள்.

சகோதரர்களே! இந்த விளம்பரத்தை நாம் முதன்முதலாகக் கேட்கவில்லை. ஆதம் (அலை) அவர்களிடம் இப்லீஸ் என்ன சொல்லி ஆசை காட்டினான்? தாஹா சூராவின் 120ஆம் வசனத்தைப் பாருங்கள். பணத்தைக் காட்டவில்லை. குல்து, அதாவது சாகாமல் என்றென்றும் இருப்பது, அதற்கு ஒரு மரம் இருக்கிறது, காட்டித் தரட்டுமா என்றுதான் கேட்டான். மனிதனிடம் விற்கப்பட்ட முதல் பொய்ச் சரக்கே சாகாமை. ஹுமஸா சூராவில் தன் செல்வம் தன்னை நிலைத்திருக்கச் செய்யும் என்று எண்ணுகிறவனைப் பற்றி வருகிறதே, அதுவும் இந்தக் குல்துதான். அன்று மரம், பிறகு பணம், இன்று சர்வர்.

பதிவு வேறு, புனைவு வேறு

இங்கே ஒரு வித்தியாசத்தை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எல்லாம் குழம்பிவிடும்.

நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர் அறிஞர் அண்ணா. 1969இல் காலமானார். அவருடைய மேடைப் பேச்சின் ஒலிப்பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. அந்தப் பதிவில் இருப்பது அண்ணா பேசிய பேச்சு. அவர் யோசித்தார், நாக்கு அசைந்தது, மைக் வாங்கிக்கொண்டது. அதில் சரி இருந்தாலும் தவறு இருந்தாலும் அது அவருடையது. அதேபோல உங்கள் அத்தா போன வருஷம் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் அவருடைய பேச்சு. அதை வைத்திருக்கலாம், கேட்கலாம், கேட்டு அழலாம். பெருமானார் (ஸல்) அவர்களே தம் மகன் இப்ராஹீமின் மரணத்தில் கண்ணீர் விட்டார்கள் என்று புகாரியில் வருகிறது. நினைவை அழித்துவிடுங்கள் என்று மார்க்கம் சொல்லவில்லை.

இந்தப் புதிய இயந்திரம் செய்வது அதுவல்ல. ஒருவருடைய பழைய பேச்சையும் எழுத்தையும் அதற்குள் போடுகிறார்கள். எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும், எந்த இடத்தில் இழுப்பார், எங்கே சிரிப்பார் என்ற போக்கை அது எடுத்துக்கொள்கிறது. பிறகு நீங்கள் கேள்வி கேட்டால், அந்தப் போக்குக்குப் பொருந்துகிற ஒரு புதிய வாக்கியத்தைக் கட்டித் தருகிறது. அவர் அதைச் சொல்லவில்லை, நினைக்கவில்லை. அவர் கப்ரில் இருக்கிறார்.

நெசவு தெரிந்த ஊர் இது, உங்களுக்குச் சுலபமாகப் புரியும். கோர்வை போட்ட கைத்தறிப் பட்டுச் சேலை எப்படி நெய்கிறார்கள்? உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, தறியில் இரண்டு ஆள். கரையும் உடலும் சேருகிற இடத்தில் நூலோடு நூலைக் கோர்த்துக் கோர்த்துப் போக வேண்டும். அதே டிசைனை விசைத்தறியில் ஓட்டினால், கடை வெளிச்சத்தில் பார்க்கிற மணப்பெண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விசைத்தறிச் சேலையை விசைத்தறி என்று சொல்லி விற்பது ஹலாலான வியாபாரம். கைத்தறி என்று சொல்லி விற்பதுதான் மோசடி. நம் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-06இல் வாங்கினார்களே, அது எதற்கு? சேலை அழகாக இருக்கிறதா என்பதைச் சொல்வதற்கல்ல. இது எங்கிருந்து, எந்த முறையில் வந்தது என்பதைச் சொல்வதற்கு.

மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீஃபில் உள்ள ஹதீஸ் இது. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. நனைந்ததை மறைக்காதே என்றார்கள்.

ஸனது இல்லாத பேச்சு

இந்தச் சமுதாயத்துக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சொல்லப்போனால், ஒருவர் மறைந்த பிறகு “இதை அவர் உண்மையிலேயே சொன்னாரா?” என்று கேட்பதற்காகவே ஒரு முழு இல்மை உண்டாக்கிய உம்மத் நாம்தான்.

பெருமானார் (ஸல்) அவர்களின் வஃபாத்துக்குப் பின் ஒரு ஹதீஸைச் சொன்னால், யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், இவரும் அவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, சந்தித்தார்களா, ஞாபகசக்தி எப்படி, நாணயம் எப்படி என்று தோண்டித் துருவினார்கள். ஸனது என்பதே மார்க்கத்தில் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் யாரும் எதையும் சொல்லிவிடுவார்கள் என்ற கருத்தை அப்துல்லாஹ் பின் முபாரக் (ரஹ்) சொன்னதாக முஸ்லிம் ஷரீஃபின் முன்னுரையிலேயே வருகிறது.

முஸ்தலஹுல் ஹதீஸ் ஓதியவர்களுக்கு நூஹ் பின் அபீ மர்யம் என்ற பெயர் நினைவிருக்கும். குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புச் சொல்லும் ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஏன் செய்தீர் என்று கேட்டதற்கு, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு வேறு கல்விகளின் பின்னால் போகிறார்கள், அவர்களைத் திருப்பத்தான் செய்தேன் என்றாராம். நோக்கம் நல்லது. விஷயமும் நல்லது. பேச்சின் சாயலும் ஹதீஸைப் போலவே இருக்கிறது. இருந்தும் நம் உலமாக்கள் என்ன முத்திரை குத்தினார்கள்? மவ்ளூஃ, இட்டுக்கட்டப்பட்டது என்றார்கள். காரணம் ஒன்றுதான். சொல்லாத ஒருவரின் கணக்கில் ஒரு சொல்லை எழுதிவிட்டார்.

இறந்தவர் வாயில் ஏஐ வைக்கும் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. “அத்தா இருந்திருந்தால் இப்படித்தான் சொல்லியிருப்பார்” என்று மகன் தன் வாயால் சொல்வது மகனின் யூகம். கேட்பவருக்கும் அது யூகம் என்று தெரியும். அதே யூகத்தை அத்தாவின் குரலில் சொல்ல வைத்தால் யூகம் சாட்சியாக மாறிவிடுகிறது. ஸனதில் நடுவிலிருந்த ஆள் மறைந்துவிடுகிறார்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

இதைக் கிதாபில் உள்ள மஸ்அலாவாக மட்டும் நினைக்க வேண்டாம். நம் பக்கத்தில் ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்களுடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன்.

பட்டு வியாபாரி ஒருவர். பெரிய கடையெல்லாம் இல்லை. நாலைந்து தறிகளுக்குப் பாவு கொடுத்து, சேலை வாங்கி, கடைகளுக்குக் கொடுப்பவர். மாரடைப்பில் திடீரென்று மவ்த்தாகிவிட்டார். மனைவி இத்தாவில் இருந்தார். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் இளைய மகன், அம்மாவின் துக்கம் தாங்காமல், அத்தாவின் வாய்ஸ் மெசேஜ்களையெல்லாம் சேர்த்து ஏதோ ஒரு செயலியில் போட்டு, அத்தாவைப் போலப் பேசும் ஒன்றை அம்மாவின் போனில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அந்த அம்மா தினமும் இஷாவுக்குப் பிறகு அதோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் தறிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மாற்று மதச் சகோதரர், இருபது வருஷமாக இவர்களுக்கு நெய்கிறவர். “முதலாளி மூணு சேலைக்குக் கூலி பாக்கி வச்சிருந்தாரும்மா” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூத்த மகனுக்கு விவரம் தெரியவில்லை. அன்று இரவு அந்த அம்மா போனில் கேட்டார்: “என்னங்க, தறிக்காரருக்குக் கூலி பாக்கி இருக்கா?” அத்தாவின் குரலில் பதில் வந்தது: “யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லம்மா. எல்லாத்தையும் கொடுத்து முடிச்சுட்டேன். நீ கவலைப்படாதே.”

மறுநாள் தறிக்காரரிடம் பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. பேசாமல் போய்விட்டார். அந்த மௌனம்தான் மூத்த மகனின் மனதைக் குத்தியிருக்கிறது. அஸருக்குப் பிறகு என்னிடம் வந்து, “ஹஜ்ரத், அத்தா சொன்னதை நம்பறதா, அவர் சொன்னதை நம்பறதா?” என்று கேட்டார்.

அத்தா எதுவும் சொல்லவில்லையே, தம்பி, என்றேன். பிறகு, வாதிடுகிறவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும் என்ற ஷரீஅத்தின் வழிப்படி, இருப்பதையெல்லாம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். தறிக்காரரிடம் ஒரு நோட்டு இருந்தது. அத்தாவின் மேஜையில் இன்னொரு நோட்டு கிடைத்தது. மூன்று சேலையும் வந்துசேர்ந்த தேதி அத்தாவின் சொந்தக் கையெழுத்தில் இருந்தது. கூலி கொடுத்தால் அவர் போடும் டிக் அந்த மூன்றுக்கும் இல்லை, அதற்கு முந்தைய வரிகளுக்கெல்லாம் இருந்தது. இரண்டு நோட்டும் ஒத்துப்போயின. மூத்த மகன் அன்றைக்கே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டு வந்தார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக.

அத்தாவின் கை எழுதிய ஒன்று உண்மையைச் சொன்னது. அத்தாவின் குரலில் வந்த ஒன்று பொய்யைச் சொன்னது. யாசீன் சூராவின் 65ஆம் வசனத்தை வாரம் தவறாமல் ஓதுகிறோம். மறுமையில் வாய்கள் முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று அதில் வருகிறது. குரல்தான் மனிதன் என்றால், விசாரணையில் அந்தக் குரலை அல்லாஹ் ஏன் மூடுகிறான்? மனிதன் என்பவன் அவன் செய்த அமல். அதற்குச் சாட்சியாக வருவது செய்த கை.

அந்த இயந்திரம் வேண்டுமென்று பொய் சொன்னதா? அதற்கு வேண்டுதலும் இல்லை, வேண்டாமையும் இல்லை. இறந்தவர் தம் மனைவிக்கு அனுப்பிய செய்திகளில் “கவலைப்படாதே” என்ற சொல் நிறைய இருந்திருக்கிறது, நல்ல கணவர். அந்தப் போக்கில் அது ஒரு ஆறுதலைக் கட்டிக் கொடுத்தது. ஆனால் அந்த ஆறுதலின் விலை என்ன தெரியுமா? கடனாளியான மையித்தின் ரூஹ், கடன் அடைக்கப்படும் வரை அதோடு தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. கடனோடு இறந்த ஒருவரின் ஜனாஸா வந்தபோது பெருமானார் (ஸல்) தாமே தொழவைக்க முன்வரவில்லை. அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. அத்தாவைச் சாகாமல் வைத்திருப்பதாக நினைத்த பொருள், அத்தாவின் கப்ரில் சுமையை ஏற்றி வைக்கப் பார்த்தது.

அவர்தானா அது?

சில வாலிபர்கள் கேட்கிறார்கள்: “ஹஜ்ரத், இன்றைக்கு இயந்திரம் அரைகுறையாக இருக்கிறது, தப்புச் சொல்கிறது. நாளைக்கு மனிதனின் மூளையையே அப்படியே நகல் எடுத்துவிட்டால்? எல்லா ஞாபகமும் அதில் இருந்தால்? அப்போது அது அவர்தானே?” நல்ல கேள்வி. கேலி செய்து தள்ளிவிடக் கூடாது.

ரூஹ் பற்றிக் கேட்டவர்களுக்கு, அது இறைவனின் கட்டளையைச் சேர்ந்தது, உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பமே என்ற கருத்தில் பனூ இஸ்ராயீல் சூராவின் 85ஆம் வசனம் பதில் தருகிறது. இந்த வசனத்தின் தஃப்ஸீரில் இமாம் ராஸி (ரஹ்) நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறார்கள். உடம்பு மாறிக்கொண்டே இருக்கிறது, மெலிகிறது, பெருக்கிறது, குழந்தையின் சதை கிழவரிடம் இல்லை. ஆனால் ‘நான்’ என்று சொல்கிற அவன் அவனேதான். ஆகவே மனிதன் என்பது இந்தச் சதைக் கட்டு மட்டும் அல்ல என்று வாதிக்கிறார்கள்.

ரொம்ப ஆழமாகப் போகாமல் ஒரு எளிய சோதனை சொல்கிறேன். ஒருவர் இறந்துவிட்டார், இரண்டு மகன்கள். இரண்டு பேரும் தங்கள் போனில் அத்தாவின் நகலை வைத்திருக்கிறார்கள். வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால், பெரியவரின் போனில் இருப்பது பெரியவருக்கு என்கிறது. சின்னவரின் போனில் இருப்பது சின்னவருக்கு என்கிறது. இதில் எது அத்தா? இரண்டுமா? ஒரு தகப்பன் தனக்குத்தானே எதிராக இரண்டு இடத்தில் இருப்பானா? நகலை எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆள் ஒருவர்தான்.

ஷரஹுல் அகாயித் ஓதும்போது மறுமையில் எழுப்பப்படுவதைப் பற்றிய பாடத்தில் உஸ்தாதுமார்கள் இதை அழுத்திச் சொல்வார்கள். எழுப்பப்படுகிறவன் முன்பு வாழ்ந்த அதே மனிதன்தான், அவனைப் போன்ற இன்னொருவன் அல்ல. ஏன் இது இவ்வளவு முக்கியம்? திருடியவன் ஒருவன், அவனைப் போலச் செய்யப்பட்ட வேறொருவனுக்குத் தண்டனை என்றால் அது நீதியாகாது. பட்டினி கிடந்து நோன்பு நோற்றவர் ஒருவர், அவருடைய நகலுக்குச் சுவர்க்கம் என்றால் நோன்பு நோற்றவருக்கு என்ன கிடைத்தது? மார்க்கத்தில் ‘நீ யார்’ என்பதற்கு அடையாளம் இதுதான்: கேள்வி கேட்கப்படும்போது யார் பதில் சொல்ல வேண்டுமோ, அவர்தான் நீ. அந்தப் போனில் இருக்கும் உருவத்துக்குத் தொழுகை கடமையா? பொய் சொன்னால் அதற்குப் பாவம் எழுதப்படுமா? தறிக்காரரின் கூலிக்காக மஹ்ஷரில் அதை யாராவது பிடித்து நிறுத்துவார்களா? எதற்கும் பொறுப்பில்லாத ஒன்று, எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஒரு மனிதனாக ஆக முடியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உண்மையிலேயே இறந்தவர் திரும்பி வர ஆசைப்படுகிறார். முஃமினூன் சூராவின் 99, 100 வசனங்களில் வருகிறது: மரணம் வந்தவன், என்னைத் திருப்பி அனுப்பு, விட்டுவந்ததில் நல்லது செய்கிறேன் என்று கெஞ்சுகிறான். முடியாது என்று பதில் கிடைக்கிறது. எழுப்பப்படும் நாள் வரை அவர்களுக்குப் பின்னால் ஒரு பர்ஸக், ஒரு திரை. அந்தத் திரையை எந்தக் கம்பெனியும் கிழித்துவிடவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நாமே நம்மோடு பேசிக்கொள்கிறோம்.

அப்படியானால் கப்ருஸ்தானில் நாம் ஸலாம் சொல்கிறோமே என்று கேட்பீர்கள். சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆனால் பதிலை எதிர்பார்த்துச் சொல்வதில்லை. பத்ரில் கிணற்றில் போடப்பட்டவர்களை நோக்கிப் பெருமானார் (ஸல்) பேசினார்கள். உயிரற்ற உடல்களோடா பேசுகிறீர்கள் என்று உமர் (ரலி) கேட்டபோது, அவர்கள் கேட்கிறார்கள், ஆனால் பதில் சொல்ல முடியாது என்ற கருத்தில் விளக்கினார்கள். பதில் இல்லாமை மவ்த்தின் ஒரு பகுதி. அதைக் கள்ளச் சரக்கால் நிரப்பினால் மவ்த் என்ன என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

2020இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்றில், நோயில் இறந்த ஏழு வயது மகளைக் கணினி உருவமாக்கி, தாய்க்குக் கண்ணாடி மாட்டிவிட்டுச் சந்திக்க வைத்தார்கள். அந்தத் தாய் வெறும் காற்றைத் தடவித் தடவி அழுததை உலகமே பார்த்தது. ரஷ்யாவில் 2015இல் விபத்தில் இறந்த ரோமன் மஸுரென்கோ என்பவருக்கு, அவருடைய தோழி யூஜீனியா குய்தா பழைய குறுஞ்செய்திகளைக் கொண்டு அவரைப் போலப் பேசும் ஒன்றைச் செய்தார். நண்பர்களில் சிலருக்கு அது ஆறுதலாக இருந்தது, சிலர் அதைத் தொடவே மறுத்துவிட்டார்கள். இதை ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. பெரிய உலமாக்களும் ஃபிக்ஹு சபைகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். ஆனால் துக்கத்துக்குப் பொறுப்பான ஒரு எல்லையை ஷரீஅத் போட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு மூன்று நாள், மனைவிக்கு நான்கு மாதம் பத்து நாள். அந்த எல்லைக்குப் பின் வாழ்க்கை நடக்க வேண்டும். இந்த இயந்திரத்துக்கு அப்படி எல்லை இல்லை, மாதச் சந்தா கட்டும் வரை பேசும். அந்த விதவைத் தாயிடம் நான் நேரடியாக எதையும் அழிக்கச் சொல்லவில்லை. அத்தா உண்மையிலேயே அனுப்பிய பழைய மெசேஜ்களை மட்டும் ஒரு தனி இடத்தில் எடுத்து வைக்கும்படி மகனிடம் சொன்னேன். மீதியை அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

நூஹ் (அலை) அவர்களின் கூட்டத்தாரைப் பற்றி இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னதாகப் புகாரியில் வருவதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வத்து, ஸுவாஃ, யகூஸ், யஊக், நஸ்ரு எல்லாம் அந்தக் காலத்து நல்லடியார்களின் பெயர்கள். அவர்கள் இறந்த பின் அவர்கள் உட்கார்ந்த இடங்களில் அவர்களுக்கு உருவம் வைத்தார்கள். வைத்தவர்கள் வணங்கவில்லை, வெறும் நினைவுக்காக வைத்தார்கள். அந்தத் தலைமுறை போய், அறிவும் மறைந்த பிறகுதான் வணக்கம் வந்தது. நாளைக்கு ஒரு பெரியாரின், ஒரு ஷைகின் குரலில் இயந்திரம் ஃபத்வா கொடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாமிரி செய்த கன்றுக்குட்டி வெறுமனே கத்தியது. அது அவர்களுக்குப் பதில் பேசவில்லை, நன்மை தீமைக்கு அதற்குச் சக்தியும் இல்லை என்று தாஹா சூராவின் 89ஆம் வசனம் இரண்டு குறையைச் சொல்கிறது. இன்றைய கன்றுக்குட்டி பதில் பேசுகிறது. இரண்டாவது குறை அப்படியே இருக்கிறது.

மையித்தின் மரியாதை, நம் பொறுப்பு

ஜெயலலிதா அவர்களின் வாழ்க்கையை ஒட்டிய படம் தொடர்பான வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவர் மரணத்தோடு முடிகிறது, வாரிசுகளுக்குச் சொத்தாக இறங்காது என்ற கருத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. நாட்டுச் சட்டம் அதன் வழியில் போகிறது. நம் ஷரீஅத்தில் இறந்தவரின் கண்ணியம் இறப்போடு முடிவதில்லை. மையித்தின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உண்டு. எலும்புக்கே இந்த மரியாதை என்றால், வாயில் இல்லாத சொல்லை வைப்பதற்கு என்ன சொல்வது?

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இப்படிப்பட்ட குரலை வைத்துக் கடனை மறுக்காதீர்கள், கடனை ஏற்கவும் செய்யாதீர்கள். வஸிய்யத் என்றோ ஹிபா என்றோ தலாக் என்றோ அதிலிருந்து எதுவும் நிலைபெறாது. சொத்துப் பங்கீட்டில் அதை ஒரு சாட்சியாக ஜமாஅத்தில் யாரும் கொண்டுவர வேண்டாம். குடும்பத்தின் அனுமதி இருந்தாலும், அவர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்ட அந்த அனுமதி போதாது. அனுமதி கொடுக்க வேண்டியவர் கப்ரில் இருக்கிறார்.

உயிரோடு இருக்கும்போதே உங்கள் வாயால், உங்கள் கையால் சொல்லிவிடுங்கள். வஸிய்யத் செய்ய ஏதாவது வைத்திருக்கும் முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது சரியல்ல என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. வாரிசல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை, வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும், எந்தத் தறிக்கு எத்தனை பாவு போயிருக்கிறது, எத்தனை சேலைக்குக் கூலி நிற்கிறது என்று தேதி போட்டு எழுதுங்கள். என் குரலையும் உருவத்தையும் இறந்த பின் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று விரும்பினால் அதையும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு சாட்சி வையுங்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஞாயிறு இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில் வஸிய்யத்தும் கடன் விவரமும் எழுதுவதற்கான மாதிரித் தாள் கொடுக்கப்படும். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு மதரஸா மாணவர்கள் எழுதித் தருவார்கள். பெண்களுக்குத் தனி இடம் ஏற்பாடு செய்திருக்கிறோம். தறி, கூலிக் கணக்கு உள்ளவர்கள் தங்கள் நோட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.